குழந்தைகள் வார்டுக்கு நர்சிங் மாணவர்களைத் தயார்செய்வது

ஸ்கில் லேபில், அதாவது பொம்மையை வைத்துப் பழகும் பயிற்சி அறையில், பிசகில்லாமல் செய்பவர்கள் வார்டில் தடுமாறுவார்கள். பொம்மை அழாது, காலை உதறாது, பக்கத்தில் அம்மாவும் இருக்கமாட்டார். அதனால் லேபிலேயே இவற்றைச் சேர்த்துவிடுகிறோம். ஒரு மாணவர் அம்மாவாக உட்கார்ந்து பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு விடாமல் கேள்வி கேட்பார். போனில் அழுகைச் சத்தம் ஓடும்.

செய்முறை எதுவானாலும், கற்றுக்கொடுப்பது பேட்டன் (Peyton) என்பவர் வகுத்த நான்கு படிதான். ஆசிரியர் முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவார். அடுத்து விளக்கிக்கொண்டே செய்வார். பிறகு மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். நேரமில்லை என்று பலரும் மூன்றாவது படியைத் தாண்டிவிடுகிறார்கள். மாணவருக்கு எது மனதில் நிற்கவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

மூச்சு எண்ணுவது சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரே வீடியோவைப் போட்டு எண்ணச் சொல்லி, விடையைத் தாளில் எழுதவைத்து, ஒன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஆளுக்கொரு எண் இருக்கும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதுதான் பெரும்பாலும் காரணம். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. முழு 60 விநாடியும் எண்ண வேண்டும். அதுவும் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே. தெர்மாமீட்டர் வைத்து அழவிட்ட பிறகு எண்ணினால் அந்த எண்ணை நம்ப முடியாது. வயதையும் கேட்க வேண்டும்: நிமிடத்துக்கு 45 என்பது 11 மாதக் குழந்தைக்கு வேகமூச்சு அல்ல (2 முதல் 12 மாதம் வரை எல்லை 50), 13 மாதக் குழந்தைக்கு வேகமூச்சு (எல்லை 40).

மருந்துக் கணக்கைத் தாளில் மட்டும் போடவிடுவதில்லை. எடை 8 கிலோ, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆக 120 மி.கி. மேசையில் கலர் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள்: ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி., இன்னொன்றில் 250 மி.கி. முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் 2.4 மி.லி. வாய்வழி சிரிஞ்சில் இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றிக் காட்ட வேண்டும். லேபிளைப் பார்க்காமல் இரண்டாவதிலும் 5 மி.லி. எடுத்தால் டோஸ் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இந்தத் தவறு லேபில் நடக்கட்டும் என்றுதான் பாட்டில்களை நடுவில் சத்தமில்லாமல் மாற்றிவைப்பது.

மதிப்பிடும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது. கை கழுவியது, தட்டை அடுக்கியது என்று சேர்த்தே தேறிவிடலாம். அடையாளம் சரிபார்ப்பது, எடை பார்ப்பது, டோஸை இன்னொருவரிடம் காட்டுவது ஆகிய மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், திரும்பச் செய்ய வேண்டும்.