இரண்டாவது கியரில் எடுத்த முடிவு

11 வருடமாகக் கம்பத்திலிருந்து, மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். அங்கே ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். மழையும் நெரிசலும் பழகிவிட்டன. சபரிமலை சீசன் மட்டும் பழகவே இல்லை. கூட்டம் பெருகினால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம் மெட்டு என்ற இன்னொரு மலைப்பாதை வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். 2024 டிசம்பரில் ஓர் இரவு, குமுளி மலைப்பாதையில் இரைச்சல் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றது. கார் வாங்கியே தீருவது என்று அங்கேதான் முடிவெடுத்தேன். காரில் இருந்தாலும் அதே இடத்தில்தான் நின்றிருப்பேன் என்பது அப்போது தோன்றவில்லை.

முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சி கொடுத்தவர் முன்பு தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டியவர். "எந்தக் கியரில் மலை ஏறுகிறாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், தாயி" என்பார். அதை அப்போது பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

உரிமம் கைக்கு வந்தபோது பட்டியலில் இரண்டு கார்கள் மிஞ்சியிருந்தன. டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா. இரண்டின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம் அதுதான். கணக்கு எழுதுகிறவள் ஆயிற்றே, நோட்டைத் திறந்து கோடு போட்டேன். நெக்ஸான் பக்கம் வேகமாக நிரம்பியது. விபத்துச் சோதனையில் 5 நட்சத்திரம். தரையிலிருந்து உயரம் 208 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவுக்கு 198. சாமான் வைக்கும் இடம் 382 லிட்டர்; பிரெஸ்ஸாவில் 328. டர்போ பெட்ரோல் எஞ்சினின் டார்க், அதாவது இழுக்கும் வலு, 170 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 முறை சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. பிரெஸ்ஸாவில் அதைவிடக் குறைவுதான். அந்த உச்சம் வருவதற்கும் 4,000 சுழற்சிக்கு மேல் வேண்டும்.

வரியிலும் நெக்ஸானே முந்தியது. நீளம் 4 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் சிறிய கார் ஆகிவிடாது. பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 1,200 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். நெக்ஸான் 1,199 சிசி. பிரெஸ்ஸா 1,462. ஒரே நீளம், ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் ஒன்று சின்னது, மற்றது பெரியது. 2025 ஆகஸ்டில் நான் விசாரித்தபோது ஜிஎஸ்டியும் அதற்கு மேல் போடும் செஸ் வரியும் சேர்த்து நெக்ஸான் பெட்ரோலுக்கு 29 சதவீதம், பிரெஸ்ஸாவுக்கு 45. சுதந்திர தின உரையில் வரிக் குறைப்பு பற்றிப் பேச்சு வந்ததும் ஷோரூம்களில் ஆள் நடமாட்டம் குறைந்தது. "இப்போதே எடுத்தால் தள்ளுபடி, அக்கா" என்று விற்பனைப் பையன் தினமும் போன் செய்தான். நான் அசையவில்லை. செப்டம்பர் 22 முதல் நெக்ஸானுக்கு 18 ஆனது, பிரெஸ்ஸாவுக்கு 40.

என் கொழுந்தன் கேரளத்தில், வண்டிப்பெரியாறில் இருக்கிறார். "மதினி, என் விலாசத்தில் கே.எல். 37 என்று கேரளப் பதிவு போட்டுவிடலாம், வரி குறையும்" என்றார். குறையுமா என்று நான் பார்க்கவே இல்லை. கார் நிற்கப்போவது கம்பத்தில். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து, இங்கே வரி கட்ட வேண்டும். கணக்கு எழுதுகிறவள் பொய் விலாசம் கொடுத்தால் தூக்கம் வருமா?

தமிழ்நாட்டில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது 10 லட்சம் என்ற கோடு. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18, அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது. இந்தக் கோட்டில்தான் நான் சிக்கினேன். புதிதாக ஓட்டுகிறவளுக்கு ஆட்டோமேட்டிக் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். பிரெஸ்ஸாவில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் என்ற வகை ஆட்டோமேட்டிக், 6 கியர். எடுத்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம். நெக்ஸானில் ஏஎம்டி என்ற மலிவு வகை ஆட்டோமேட்டிக் எடுத்தால் இந்தப் பக்கமே இருந்துகொள்ளலாம். நோட்டு மறுபடியும் நெக்ஸானைக் காட்டியது. வீட்டுக்காரர் நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஷோரூமில் கொடுத்த சோதனை ஓட்டம் தேனி பைபாஸில் 4 கிலோமீட்டர். நேரான ரோட்டில் எந்தக் காரும் நல்ல கார்தான். மலைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன்; அனுமதி இல்லை என்று இரண்டு இடத்திலும் கையை விரித்தார்கள். கடை முதலாளியிடம் நெக்ஸான் இருந்தது, எதிர்வீட்டு ஆசிரியரிடம் பிரெஸ்ஸா இருந்தது, இரண்டும் மேனுவல், கையால் கியர் மாற்றுகிறவை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன், கொடுத்தார்கள். அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு, டிக்கியில் அரிசி மூட்டை இரண்டைப் போட்டு, மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறி இறங்கினேன்.

நெக்ஸான் ஏறிய விதத்தில் அத்தை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டியதும் ஏற்றம் என்பதே தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம்: கொண்டை ஊசி வளைவு வந்தால் பயத்தில் வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிடுவேன். டர்போ எஞ்சின் ஓரளவு சுழற்சி இருந்தால்தான் முழு வலுவோடு பேசும். அந்த நேரத்தில் முதல் கியருக்கு வர வேண்டும். நான் இரண்டிலேயே மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். குறை வண்டியினுடையது அல்ல, என் காலினுடையது. முதலாளி ஓட்டினால் அந்தத் தயக்கம் இருந்த இடமே தெரியாது.

அடுத்த ஞாயிறு பிரெஸ்ஸா. நேர் ஏற்றத்தில் இதற்கு அந்த வேகம் கிடையாது. சத்தம் போட்டுத்தான் ஏறியது. ஆனால் அதே வளைவில், அதே பயத்தோடு, அதே இரண்டாவது கியரில், எவ்வளவு மிதித்தேனோ அவ்வளவு நகர்ந்தது. என் உயரம் 5 அடி. சீட்டை ஏற்றிவைத்துக்கொண்டால் பானெட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது. எதிரே வரும் லாரிக்கும் எனக்கும் நடுவே எத்தனை சாண் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

இறங்கும்போது ஆட்டோமேட்டிக் பற்றிய கேள்வியும் விழுந்துவிட்டது. முன்னால் போன வண்டி ஒன்றின் பிரேக் தீய்ந்த வாடை கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே வந்தது. நான் இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இறங்கினேன். எஞ்சினே வண்டியை வேகம் கூடாமல் பிடித்துக்கொண்டது. பிரேக்கை வளைவுக்கு மட்டும்தான் தொட்டேன். ஜீப்காரர் சொன்னது அன்றைக்குத்தான் உடம்புக்குள் இறங்கியது. ஆட்டோமேட்டிக்கிலும் கியரைப் பிடித்துவைக்க வழி இருக்கிறது, தெரியும். ஆனால் எனக்குக் கையில் பிடித்த கியர்தான் நம்பிக்கை. மேனுவல் என்றால் பிரெஸ்ஸாவும் 10 லட்சக் கோட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஆக நோட்டு ஒன்று சொல்ல, நான் வேறொன்றை வாங்கினேன். 5 நட்சத்திரத்தை விட்டதும் 40 சதவீத வரியைக் கட்டியதும் இன்னும் உறுத்துகிறது. வீட்டுக்காரர் அந்த 22 சதவீத வித்தியாசத்தை மாதம் ஒரு முறையாவது நினைவூட்டுகிறார்.

பிறகு நடந்தது காகித வேலை. ஷோரூம் கொடுத்த விலைப்பட்டியலில் 'கையாளும் கட்டணம்' என்று ஒன்று இருந்தது. எதைக் கையாண்டதற்கு என்று எழுதித் தரச் சொன்னேன். அடுத்த பட்டியலில் அந்தக் கட்டணமே இல்லை. காப்பீட்டில் 3 வருட மூன்றாம் நபர் பகுதி, அதாவது நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது, புதுக் காருக்குக் கட்டாயம். நான் வாங்கிய 2025இல் 1,000 முதல் 1,500 சிசி வரை அது 10,640 ரூபாயாக இருந்தது, வரி தனி. எங்கே வாங்கினாலும் மாறாது. நம் காரின் சேதத்துக்கான பகுதிதான் இடத்துக்கு இடம் மாறும். வெளியே விசாரித்தபோது, அதே பாதுகாப்புக்கு ஷோரூம் சொன்னதைவிட 14,000 ரூபாய் குறைவாகச் சொன்னார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டியதும் ஷோரூமும் இறங்கி வந்தது.

பணம் முழுவதும் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கும் முன், யார்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3225 என்றால் 2025இன் 32ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் குனிந்து படித்தேன். சேசிஸ் எண்ணை விலைச்சீட்டோடு ஒப்பிட்டேன். விற்பனைப் பையன் பெருமூச்சு விட்டான். விடட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் டி.என். 60 பலகையோடு வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வாசலைச் சுற்றி, அத்தையைக் குமுளிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. 11 வருடம் நான் போய் வந்த அதே பஸ். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

"அவன் போகிற வேகத்துக்கு நீ ஏன் போகவில்லை?" என்றார் அத்தை.

"இரண்டாவது கியர், அத்தை."

"அது எப்போது முடியும்?"

"லோயர் கேம்ப்பில்."