ஒய் கேபிள் இன்னும் வரல

நவம்பர் 3
ஆப்பிள் டூஈங்கற பழைய கம்ப்யூட்டர மேக்குக்குள்ள ஓட்டற கார்டு வந்துடுச்சு. டப்பாவ மூணு தடவ கவுத்துப் பாத்தேன், கேபிள் இல்ல.

நவம்பர் 4
கேபிள் இல்லாம ஒண்ணும் ஆகாது. என்கிட்ட இருக்கற பழைய மேக் எல்சி கம்ப்யூட்டர்ல இருக்கறது மூன்றரை இஞ்ச் டிரைவ், பெரியப்பாவோட பிளாப்பி எல்லாமே அஞ்சேகால். கார்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு கனெக்டர், அதுலேர்ந்துதான் ஒய் கேபிள் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு டிரைவுக்கும் ஒண்ணு ஜாய்ஸ்டிக்குக்கும் போகுது. வேற கேபிள் எதுவும் சேராது. ராத்திரி பூரா தேடினேன்.

நவம்பர் 6
லேப்டாப்லயே எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்கற சாப்ட்வேர், போட்டுக்கலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு பிளாப்பில இருக்கறத மொதல்ல வெளிய எடுக்கணுமே! இந்த கார்டு வெறும் சாப்ட்வேர் வேஷம் இல்ல, உள்ள நிஜமாவே ஒரு 65சி02 ப்ராசஸர் ஓடுது, ஒரு முழு ஆப்பிள் டூஈ ஒரு ஸ்லாட்டுக்குள்ள உக்காந்திருக்கு. 1991ல 199 டாலர். ஸ்கூல்ல வாங்கி வெச்ச டூஈ ப்ரோக்ராம் எதையும் தூக்கிப் போடாம மேக்குக்கு மாறட்டும்னுதான் ஆப்பிள் இத செஞ்சுது. பெரியப்பா கணக்கு சொல்லிக்குடுத்த ஸ்கூல்லயும் அப்படித்தான் மாறினாங்களாம், அவர் பழைய பிளாப்பி எதையும் விடல. அந்த எல்சிதான் இப்ப என் டேபிள்ல இருக்கு.

பெரியப்பா இன்னிக்கும் கண்ணத் தொறக்கல.

நவம்பர் 7
எல்சில சவுண்டு ரொம்ப கம்மியா வருது. போர்டுல கெப்பாசிட்டர் கசிஞ்சிருக்கு, இந்த மாடலுக்கே உள்ள வியாதி. எல்லாத்தையும் மாத்தி சால்டர் பண்ணி முடிக்க மணி ரெண்டு. பேட்டரி கசியல, அதுவே பெரிய விஷயம்.

நவம்பர் 9
கேபிள் இல்ல. ஐசியூலேர்ந்து வார்டுக்கு மாத்திட்டாங்க.

நவம்பர் 10
பெரியம்மா போன்ல, "அந்த பிளாப்பில என்னடா இருக்கு, அவரே ஒருநாளும் சொல்லலியே"ன்னாங்க. பதில் சொல்லத் தெரியல. லேபிள்ல 'லெட்டர்ஸ் 87'னு அவர் கையெழுத்து, அத மட்டும் படிச்சுக் காமிச்சேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

நவம்பர் 11
கார்டோட ஸ்டார்ட்அப் ப்ரோக்ராம் தொறந்துச்சு! மேக் டெஸ்க்டாப் மறைஞ்சு கருப்பு ஸ்கிரீன்ல பேசிக் ப்ராம்ப்ட். கண்ட்ரோல், கமாண்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா அதோட செட்டிங்ஸ் வருது. வேகத்த நார்மல்லயே வெச்சேன், அவர் காலத்து ஒரு மெகாஹெர்ட்ஸ்.

நவம்பர் 13
வந்துடுச்சு.

நவம்பர் 14
டிரைவ் ஹெட்ட ஆல்கஹால் போட்டு தொடச்சேன். லெட்டர் டைப் பண்ற ஆப்பிள்வொர்க்ஸ் ப்ரோக்ராம் பிளாப்பி கரகரன்னு சுத்தி பூட் ஆச்சு, கை நடுங்குது. 'லெட்டர்ஸ் 87' போட்டேன். பைல் லிஸ்ட்ல ஒம்பது பேர் வந்துச்சு, மூணாவது அப்பா பேரு. தொறக்கறதுக்குள்ள பெரியம்மா போன், அவர் என் பேரச் சொல்லிக் கேட்டாராம், கெளம்பறேன், மெஷின ஆப் பண்ணல