குழந்தையின் தொண்டை வலி: சிரப் ஊற்றும் முன்

ராத்திரி பிள்ளை "எச்சில் கூட முழுங்க முடியலம்மா" என்று அழ ஆரம்பித்ததும், வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் மெடிக்கலுக்கு ஓடி வருகிறவர்கள் கேட்பது, "எத்தனை மில்லி கொடுக்கணும்?" நாங்கள் திருப்பிக் கேட்பது, "பிள்ளை எத்தனை கிலோ?"

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 120 முதல் 180. குழப்பம் பாட்டிலில்தான் வருகிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. லேபிளில் பொடி எழுத்தில்தான் வித்தியாசம் தெரியும். இந்தப் பிள்ளைக்கு முதலாவதில் 5 மில்லி, இரண்டாவதில் பாதி போதும். ட்ராப்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அதை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 உள்ளே போய்விடும். அதனால் பக்கத்து வீட்டு அளவைக் கேட்டுக் கொடுக்கவே கூடாது.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கினால் முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், அளவு மூடியோ ஊசியில்லா சிரிஞ்சோ போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி சிரப் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறி ஈரல் கெடலாம்.

கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்துக் கஞ்சியோ தயிர் சாதமோ ஊட்டுங்கள், அப்போதுதான் இறங்கும். குளிர்ச்சி ஆகாது என்று பாட்டிமார் சொன்னாலும், ஐஸ்கிரீம் தொண்டையை மரத்துப்போகச் செய்து வலியைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

ஐபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்து (ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு) தொண்டை வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை தொடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வாடிய பிள்ளைக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்டதற்கும் வேண்டாம். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கலந்த சிரப்பும் கடையில் இருக்கிறது, லேபிளைப் பாருங்கள். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் கூடாது. நிமெசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குக் கீழ் 2011லேயே தடை செய்துவிட்டார்கள்.

எச்சில் ஒழுகினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, கழுத்தைத் திருப்ப முடியாவிட்டாலோ மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.