ஆர்க்கில ரெக்ஸ் குஞ்சு வளக்கிறது: எங்கட பக்கத்துப் பெடியளுக்கு

ஆர்க் எண்ட டைனோசர் கேம் விளையாடுற எங்கட பெடியள் கனபேர் காட்டில நிக்கிற பெரிய லெவல் ரெக்ஸை, அதாவது டி-ரெக்ஸ் டைனோசரை, தேடித் தேடி மயக்கிப் பிடிக்கிறதோடயே நிண்டுடுறாங்கள், 150 லெவல்ல ஒண்டு மாட்டினா போதும் இனி என்ன வேணும் எண்டு கதைப்பாங்கள். எனக்கு அதில கொஞ்சமும் உடன்பாடில்லை. முட்டையில இருந்து நீங்களே வளத்த ஒண்டோட பக்கத்தில கூட அது நிக்காது, அதுக்கு காரணம் இருக்கு, சொல்லுறன்.

முதல்ல தாய் தகப்பன். டேம் பண்ணின, அதாவது பிடிச்சுப் பழக்கின, பிறகு நாங்கள் ஏத்துற லெவல் ஒண்டும் குஞ்சுக்குப் போகாது, காட்டில பிறக்கேக்க அதுக்கு என்ன பொயின்ட் விழுந்ததோ, டேம் ஆகி முடியேக்க என்ன கூடினதோ அதுதான் போகும். அதால டேம் பண்ணின உடனயே ஹெல்த் எவ்வளவு, மிலீ (அடிக்கிற பலம்) எவ்வளவு எண்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. ஹெல்த், மிலீ மாதிரி ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் தாய் தகப்பன் ரெண்டு பேரில கூடினதை எடுக்க 55 வீத சான்ஸ் இருக்கு. ஒண்டில ஹெல்த் நல்லம் மற்றதில மிலீ நல்லம் எண்டா ரெண்டும் சேந்த குஞ்சு பத்து முட்டையில ஒரு மூண்டுதான் வரும், அந்த மூண்டில இருந்துதான் அடுத்த தலைமுறை. இடைக்கிடை மியூட்டேசன் (தற்செயலா வாற மாற்றம்) வந்தா ஒரு ஸ்டாட்டில 2 லெவல் கூடும், நிறமும் மாறும். எங்கட அம்மம்மா எந்தக் கோழியின்ட முட்டையை அடை வைக்கிறது எந்தச் சேவலை முத்தத்தில விடுறது எண்டு பாத்துப் பாத்து செய்யிறதும் இதே கணக்குத்தான், அவவுக்கு வீதம் கீதம் ஒண்டும் தேவைப்படேல்லை.

முட்டை வந்த பிறகு சூடு. ரெக்ஸ் முட்டைக்கு 32 தொடக்கம் 34 பாகைக்குள்ள இருக்கோணும், அதுக்கு மேல போனாலும் கீழ போனாலும் முட்டையின்ட ஹெல்த் இறங்கத் தொடங்கும். டோடோ எண்ட பறவையின்ட முட்டை 22 இல இருந்து 30 வரைக்கும் தாங்கும், அதாலதான் புதுசா தொடங்குற ஆக்களுக்கு டோடோவில பழகச் சொல்லுறனான், பந்தத்தை மூட்டி கூட்டிக் குறைச்சுப் பாக்கலாம். ரெக்ஸுக்கு வரேக்க ஜெனரேட்டரும் ஒரு எட்டு பத்து ஏசியும் வச்சா நிம்மதி. ஏசி செய்ய இன்னும் லெவல் காணாட்டி டைமெட்ரோடன் எண்ட மிருகம் ஒண்டைப் பிடிச்சு முட்டைக்குப் பக்கத்தில விடுங்கோ, அது சூட்டையும் குளிரையும் சமப்படுத்தும். (டைமெட்ரோடன் உண்மையில டைனோசரே இல்லை, டைனோசர் வாறதுக்கு கோடிக்கணக்கான வருசத்துக்கு முதலே அழிஞ்சு போன இனம்.) கேமில ரெக்ஸ் தாய் முட்டையைப் போட்டிட்டு தன்ட பாட்டில போயிடும், ஆனா 1990களில மொங்கோலியாவில கோபிப் பாலைவனத்தில முட்டைக்கு மேல கையை விரிச்சு மூடினபடியே செத்துக்கிடந்த டைனோசரின்ட பொசில் எடுத்தவை, அடைக்கோழி கிடக்கிற அதே கிடைதான். அந்தப் படத்தைப் பாத்த நாளில இருந்து எனக்கு இந்த முட்டை வேலையில ஒரு தனி விருப்பம்.

குஞ்சு பொரிச்ச உடன கிளெய்ம் பண்ணிப்போட்டு (உங்கடதாக்கிப்போட்டு) இறைச்சியை அதின்ட இன்வென்ரரியில (பையில) வையுங்கோ. வளர்ச்சி 10 வீதம் வரும் வரைக்கும் தீன்தொட்டியில இருந்து தானா சாப்பிடத் தெரியாது, நீங்கதான் குடுக்கோணும், ரெக்ஸுக்கு அது ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல. முழுசா வளர 92 மணித்தியாலம் அளவில போகும். இந்த முதல் 10 வீதம்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் முழுக் கேமிலயுமே நல்ல பகுதி. சின்னன் சின்னனா பின்னால ஓடி வரும், பசிச்சா கெதியா வத்திப்போகும், ஒரு பக்கம் இறைச்சி வெட்டப் போனாலும் மனம் முழுக்க அங்கதான் நிக்கும். நான் இரவில திரைக்கு முன்னால இருக்கேக்க அம்மம்மா வந்து பாத்திட்டு "உதுக்குத் தீன் வச்சிட்டியே" எண்டுதான் கேப்பா, படுக்கப் போ எண்டு சொல்ல மாட்டா.

அடுத்தது இம்பிரின்ட், அதாவது குஞ்சு வளக்கிற ஆளோட ஒட்டிக்கொள்ளுறது. 8 மணித்தியாலத்துக்கு ஒருக்கா குஞ்சு ஒண்டு கேக்கும், தடவிவிடச் சொல்லும், இல்லாட்டி நடக்கக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும், இல்லாட்டி ஒரு கிபிள் (சமைச்ச தீன்) கேக்கும். ரெக்ஸுக்கு ஒவ்வொருக்காலும் ஒரு 8, 9 வீதம் ஏறும். நூறு வீதம் வந்தா ஸ்டாட் 20 வீதம் அளவில கூடும், அதுக்கு மேல வளத்த ஆளே ஏறி ஓட்டேக்க அடி 30 வீதம் கூட, வாற அடியும் குறையும். வேற ஆள் ஏறினா அந்த 30 கிடையாது. காட்டில பிடிச்ச 150க்கு இது என்ன செய்தும் வராது, நான் முதல்ல சொன்ன காரணம் இதுதான்.

இனி எங்கட இடத்துக்கு ஏத்த விசயம். கிளிநொச்சியில இருந்தாலும் மாங்குளத்தில இருந்தாலும் கரண்ட் போகும், 2022ல நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் நிண்டது ஞாபகமிருக்கும். கனபேர் சேந்து விளையாடுற சேர்வரில வளத்தா நீங்க இல்லாத நேரமும் அங்க நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், குஞ்சு பட்டினியில செத்துப்போம். தனிய விளையாடுற சிங்கிள் பிளேயரில நீங்க நிப்பாட்டினா உலகமும் நிக்கும், திடீரெண்டு கரண்ட் போனாலும் கடைசியா சேவ் ஆன இடத்தில இருந்து தொடங்கலாம், ஓட்டோசேவ் 15 நிமிசத்துக்கு ஒருக்கா, அதையும் குறைச்சு வைக்கலாம். அதால குஞ்சு வளக்க விருப்பமெண்டா முதல்ல சிங்கிள் பிளேயர்.

ஆனா ஒண்டு, வேகத்தைக் கூட்டேக்க கவனம். பேபி மெச்சூர் ஸ்பீட் எண்ட, குஞ்சு வளருற வேக செட்டிங்கை மட்டும் 20, 30 எண்டு ஏத்தினா குஞ்சு தடவச் சொல்லிக் கேக்கிறதுக்கு முதலே வளந்து முடிஞ்சிடும், இம்பிரின்ட் சைபர். மெச்சூர் ஸ்பீட் 5 எண்டு வச்சா கடில் இன்டர்வலை (குஞ்சு கேக்கிற இடைவெளியை) 0.2 எண்டு வையுங்கோ, 18 மணித்தியாலம் சொச்சத்தில ரெக்ஸ் வளந்திடும், ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல ஒருக்கா கேக்கும். வேலைக்குப் போற ஆக்களுக்கும் சனி ஞாயிறில ஒண்டை வளத்து எடுக்கலாம். அதுக்கு மேல ஏத்தாதேங்கோ, ஏத்தினா நீங்க வளத்த மாதிரியே இருக்காது.

இப்ப என்னட்ட ஹெல்த் நல்லா இருக்கிற ஒரு சோடி நிக்குது, மிலீ நல்ல பெண் ஒண்டு தேடிக்கொண்டிருக்கிறன். முல்லைத்தீவு வவுனியாப் பக்கம் ஆராவது சேந்து சின்ன சேர்வர் ஒண்டு போட விருப்பமெண்டா சொல்லுங்கோ, கரண்ட் போகாத ஆளின்ட வீட்டில வச்சு நடத்துவம், முட்டை நான் தாறன்.