கொழுந்துக் கணக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களும்

கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டு மாதக் கணக்கு முடிக்கும் சின்ன வலைச்செயலி ஒன்றை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதன் ஜாவாஸ்கிரிப்ட் நிரலிலுள்ள ஃபார் லூப்களை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வரிகள்) எடுத்துவிட்டு ஃபில்டர், மேப், ரெட்யூஸ் என்ற ஃபங்ஷன்களாக மாற்றி வருகிறேன். ஒரு ஊரின் ரசீதுகளை மட்டும் ஃபில்டர் பிரித்துத் தரும், மேப் ஒவ்வொரு ரசீதின் கிலோவையும் விலையால் பெருக்கும், ரெட்யூஸ் கூட்டிவிடும். நிரலைப் படித்தாலே கணக்கு புரிகிறது, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

இவை 2009-இல் ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறையான எக்மாஸ்கிரிப்டின் 5-ஆம் பதிப்போடு தரத்துக்குள் வந்தவை. ஆனால் வேர் இன்னும் பழையது: 1995-இல் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக்கை நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் வேலைக்கு எடுத்ததே, ஃபங்ஷன்களை மதிப்புகளாகவே கையாளும் ஸ்கீம் என்ற நிரல் மொழியைப் பிரவுசருக்குள் கொண்டுவரத்தான். கடைசியில் வெளியே வந்தது ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறு மொழி என்றாலும், ஃபங்ஷனை ஒரு மதிப்பாகக் கையில் எடுத்துக் கொடுக்கிற குணம் தங்கிவிட்டது.

வரிசைப்படுத்தும் சார்ட் விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். அது மூல அரேயையே (கொடுத்த பட்டியலையே) மாற்றி அடுக்கும், அதோடு ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் எண்களை எழுத்தாக எடுத்துக்கொண்டு 10-ஐ 9-க்கு முன்னால் வைக்கும். 2023-இல் வந்த டூசார்ட்டட் மூலத்தைத் தொடாமல் புது அரே தரும், நான் அதையே சொல்வேன் (ஒப்பிடும் ஃபங்ஷன் அதற்கும் வேண்டும்).

அப்புறம், ரெட்யூஸுக்குத் தொடக்க மதிப்பாக 0 கொடுங்கள். அடைமழையில் ஒரு கிலோ கொழுந்தும் வராத நாளில் பட்டியல் காலியாக இருக்கும், தொடக்க மதிப்பு இல்லாவிட்டால் அங்கேயே டைப்எரர் என்ற பிழை வரும்.