ஆங்கில எழுவாயைத் தமிழால் பிடிப்பது எப்படி?

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதத் தயாராகும் தம்பி தங்கச்சிமார் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அக்கா, எங்கே இஸ் போடணும், எங்கே ஆர் போடணும்?" ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர் என்பது புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கும் தெரியும். நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எந்தச் சொல் என்று கண்டுபிடிப்பதில்தான் தமிழ் மூலத்தில் படித்தவர்கள் தடுமாறுகிறோம்.

தமிழில் முக்கியமான பெயர் கடைசியில் வரும். "கொழுந்துக் கூடைகளின் எடை கூடியது" என்றால் கூடியது எடை. அது வினையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலம் அதை முதலிலேயே சொல்லிவிடும்: "த வெயிட் ஒஃப் த பாஸ்கட்ஸ்". இப்போது வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது பாஸ்கட்ஸ். பக்கத்துப் பெயரைப் பார்த்தே பழகிய மனம் அங்கே "ஹேவ்" போடச் சொல்லும். வர வேண்டியது "ஹேஸ்".

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. வினைக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் மனதுக்குள் தமிழாக்குங்கள். கடைசியாக வந்து விழும் பெயர்தான் எழுவாய். "இடையில் வருவதை வெட்டிவிட்டுப் பார்" என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது சரியான வழிதான், ஆனால் எதை வெட்டுவது என்று தெரியாதவருக்கு உதவாது.

பலரையும் குழப்பும் ஒரு சோடியைப் பாருங்கள். "த நம்பர் ஒஃப் ஸ்டூடன்ட்ஸ்" என்பது மாணவர்களின் எண்ணிக்கை. கடைசியில் எண்ணிக்கை, ஆகவே இஸ். "எ நம்பர் ஒஃப் ஸ்டூடன்ட்ஸ்" என்பது பல மாணவர்கள். கடைசியில் மாணவர்கள், ஆகவே ஆர். தனியாக விதி மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. "வன் ஒஃப் த ஸ்டேஷன்ஸ்" ஸ்டேஷன்களில் ஒன்று, ஒருமை. "த டீ ஃப்ரொம் எஸ்டேட்ஸ் அபவ் 1,200 மீட்டர்ஸ்" என்பதைத் தமிழாக்கினால் 1,200 மீட்டருக்கு மேலுள்ள தோட்டங்களின் தேயிலை. நடுவில் எத்தனை பன்மை நின்றாலும் தேயிலைதான் கடைசி, இஸ் போடலாம்.

இன்னும் கடினமானது: "ஷீ இஸ் வன் ஒஃப் த கேர்ள்ஸ் ஹூ..." என்று தொடங்கும் வாக்கியத்தில் அடுத்து வருவது டிராவலா, டிராவல்ஸா? "ரயிலில் பதுளைக்குப் போகும் பிள்ளைகளில் ஒருத்தி." போகும் என்ற பெயரெச்சம் தொடுவது பிள்ளைகளை. ஆகவே எஸ் இல்லாத டிராவல். ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்களும் நின்று யோசிக்கும் இடம் இது. நமக்குப் பெயரெச்சம் காட்டிக்கொடுக்கிறது.

"த பிரின்சிப்பல், அலோங் வித் த டீச்சர்ஸ்" ஆசிரியர்களோடு அதிபர், ஒருமைதான். "அண்ட்" வந்தால் அதிபரும் ஆசிரியர்களும், பன்மை. "ஆஸ் வெல் ஆஸ்" வரும்போது மட்டும் கவனம் வேண்டும். தமிழில் அதையும் உம் போட்டுத்தான் சொல்வோம். ஆங்கிலத்தில் அது அலோங் வித் போலவே நடக்கும்.

இந்த வழி கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். முதலில் வீதக் கணக்கு. "ட்வென்டி பர்சன்ட் ஒஃப் த வேர்க்கர்ஸ்" என்றால் ஆர், "ட்வென்டி பர்சன்ட் ஒஃப் த லேண்ட்" என்றால் இஸ். இங்கே ஒஃப்புக்குப் பின்னால் வரும் பெயர்தான் தீர்மானிக்கும். ஹாஃப், மோஸ்ட், சம், ஓல் எல்லாம் இப்படித்தான். ஆனால் "த பர்சன்டேஜ் ஒஃப் வேர்க்கர்ஸ்" பழைய வழிக்குத் திரும்பி இஸ் கேட்கும். ஐஈஎல்டிஎஸ் அகடமிக் பிரிவில் முதல் எழுத்துப் பணி பெரும்பாலும் வரைபடத்தை விவரிப்பது என்பதால், இந்த வேறுபாடு ஒரே விடையில் பலமுறை வரும். இதற்கு ஒரு முழு மாலையையே ஒதுக்கலாம்.

எல்லோரும் தமிழில் பன்மை, எவ்ரிவன் ஆங்கிலத்தில் ஒருமை. தகவல்கள் என்போம், இன்ஃபர்மேஷன் எப்போதும் ஒருமை. பொலிஸ் வந்தது என்போம், ஆங்கிலத்தில் பொலிஸ் பன்மை. நைதர், நோர் வந்தால் வினைக்கு அருகில் உள்ள பெயரைப் பாருங்கள். "தேர்" என்று தொடங்கினால் எழுவாய் பின்னால் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பேச்சில் அஃறிணைக்குப் பன்மை வினை அநேகமாக இல்லை. "பஸ் எல்லாம் நிக்குது", "மரமெல்லாம் விழுந்திருச்சு" என்றுதான் பேசுகிறோம். அதனால் ஆட்களைப் பற்றி எழுதும்போது சரியாக வரும் வினை, பொருட்களைப் பற்றி எழுதும்போது நழுவும். திருத்தும்போது பொருள் எழுவாயாக வரும் வாக்கியங்களை முதலில் பாருங்கள்.

ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று; நான்கில் ஒரு பங்கு. அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதித் தேர்வான எஸ்ஏடியில் வாசிப்பு, எழுத்துப் பிரிவுக்கு 64 நிமிடத்தில் 54 கேள்விகள். தரப்படும் தெரிவுகள் நான்கும் ஒரே வினையின் வெவ்வேறு வடிவங்களாக இருந்து, ஒருமையும் பன்மையும் கலந்திருந்தால் வினையின் காலத்தை (டென்ஸ்) பற்றி யோசிக்கும் முன் எழுவாயைத் தேடுங்கள். மூன்று பன்மையும் ஒன்று ஒருமையுமாக இருந்தால் அநேகமாக அந்த ஒருமைதான் விடை. எம்பிஏ போன்ற வணிக மேற்படிப்புக்கான ஜிமேட் தேர்வில் 2023இல் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. அதற்கான பழைய புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஐஈஎல்டிஎஸ்ஸில் இரண்டு எழுத்துப் பணிகளுக்கும் சேர்த்து 60 நிமிடம். கடைசி நிமிடங்களில் கட்டுரையை முழுதாக வாசிக்க வேண்டாம். வினைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு, அதற்கு முன்னால் இருப்பதைத் தமிழாக்கிக்கொண்டே போங்கள். வீட்டில் பழக நுவரெலியாவின் மாத மழைவீழ்ச்சி அட்டவணை ஒன்றை எடுத்து 150 சொல்லில் எழுதி, அதே மாதிரி வினைகளைத் தொட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு எழுதினால் போதும்.