புளியில் மினுங்கும், அசிட்டில் சிவக்கும்

விளக்கீட்டுக்கு முதல் நாள் அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கை மினுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் பித்தளை சீக்கிரமே கறுத்து, மடிப்புகளில் பச்சைக் களிம்பும் கட்டிவிடும். வழமையாகப் பழப்புளி போட்டுத் தேய்ப்போம். எனக்குப் பஞ்சி. பாத்ரூம் கழுவுகிற அசிட்டை பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, விளக்கின் தட்டை அதற்குள் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிய எடுத்துப் பார்த்தால் கறுப்பும் இல்லை, களிம்பும் இல்லை, மஞ்சளும் இல்லை! திட்டுத்திட்டாகச் செம்புக் குடத்தின் நிறம். அக்கா பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

மருமகளுக்கு இந்த முறை ஓ.எல். சோதனை. அவளுக்கு வேறு கவலை. "மாமா, செம்பு ஐதான, அதாவது தண்ணி கலந்த அமிலத்தோட தாக்கமடையாது எண்டுதானே படிச்சனாங்கள், அப்ப புளி எப்பிடி வேலை செய்யுது?"

நல்ல கேள்வி. புளி உலோகத்தை விட்டுவிட்டு, மேலே படிந்த ஒட்சைட்டையும் களிம்பையும்தான் கரைக்கிறது. ஒட்சைட்டு அமிலத்தோடு சேர்ந்தால் உப்பும் தண்ணீரும்தான், ஐதரசன் வராது. உலோகமே அமிலத்துக்குள் இறங்க வேண்டுமென்றால் அங்கே இருக்கிற ஐதரசனை வெளியே தள்ளி அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். மகனீசியம், அலுமினியம், நாகம் (துத்தநாகம்), இரும்புக்கெல்லாம் அந்தத் தெம்பு உண்டு, செம்புக்கும் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இல்லை. (நைத்திரிக் அமிலம் செம்பைக் கரைக்கும்தான், ஆனால் அது வேறு கதை, அதில் கிளம்புவது கபில நிறப் புகை.) பித்தளை என்றால் செம்பும் நாகமும் கலந்தது. இரவு முழுக்க நாகம் ஐதரசனைத் துரத்திவிட்டுக் கரைசலுக்குள் போய்க்கொண்டிருக்க, செம்பு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவள் நம்பவில்லை. சரி என்று வெளி விறாந்தையில், காற்றோட்டமாக, நாகம் பூசின கூரை ஆணி ஒன்றையும் செம்புக் கம்பித் துண்டு ஒன்றையும் இரண்டு கண்ணாடிப் போத்தலில் வைத்து அதே அசிட்டை ஊற்றினோம். கம்பி சும்மா கிடந்தது. ஆணியிலோ சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரை, கொஞ்ச நேரத்தில் அது பட்டென்று தணிந்து, சின்னச் சின்னக் குமிழாக மெதுவாக வரத் தொடங்கியது. பூச்சு முடிந்து இரும்பு வெளியே வந்துவிட்டது! ஆணியை ஆட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் தாக்கவீதத் தொடரில், அதாவது உலோகங்களை அவற்றின் தாக்கத் தெம்புப்படி அடுக்கின வரிசையில், நாகம் மேலே, இரும்பு கீழே என்பதைக் கண்ணாலேயே காணலாம், எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் காட்டவில்லை, பாடமாக்கத்தான் சொன்னார்கள்.

குமிழாக வந்த அந்த ஐதரசன் வாயு பொப் என்று வெடிக்குமா என்று பார்க்க நெருப்புப்பெட்டி கேட்டாள். கொடுக்கவில்லை.

விளக்குத் தட்டைப் பிறகு புளி போட்டுத் தேய்த்தும் பார்த்தேன். சிவப்பு இன்னும் பளபளப்பாகிவிட்டது.